ஆவணப்பட விழாவில் ஒரே ஒரு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேட்டிருப்பவர் நாகர்கோவில்காரர். திருவனந்தபுரத்தில் நடக்கும் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு நண்பர் கூப்பிடுகிறாராம். கையில் இருப்பது ஒரு நாள் லீவு. நிகழ்ச்சி நிரலைத் திறந்து பார்த்தால் பல அரங்குகளில் காலையிலிருந்து இரவு வரை படங்கள். ‘ஒரே நாளில் ஆறேழு ஆவணப்படம் பார்த்தால் தலை வலிக்காதா, எதைத் தேர்ந்தெடுப்பது, எல்லாம் பின்னால் யூடியூபில் வந்துவிடாதா, சென்சார் ஆகாத படங்களைப் போடுகிறார்கள் என்கிறார்களே, அது சட்டப்படி சரியா’ என்று அடுக்கியிருக்கிறார். பார்த்தால் நாலு கேள்வி. உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து பார்க்கக்கூடிய ஒன்றுக்காக ஒரு நாளைச் செலவழித்து ரயில் ஏறிப் போக வேண்டுமா?

நான் பல வருடமாக ஒரு சின்ன திரைப்படச் சங்கத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பது, ஓட்டுவது, படம் முடிந்ததும் மைக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவது ஆகிய வேலைகளைச் செய்து வருகிறேன். விழாக்களுக்குப் பார்வையாளனாகவும் போவேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். எந்தப் படத்துக்குப் பரிசு கிடைக்கும், எது ஓடிடியில் விலை போகும் என்பதெல்லாம் எனக்கு எட்டாத விஷயங்கள்.

போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் ஏழு படம் பார்க்கும் திட்டத்தோடு போகாதீர்கள். நாலு காட்சி போதும். அந்த நாலையும் கதைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் தேர்ந்தெடுக்காமல், இயக்குநர் நேரில் வருகிறாரா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நிரலில் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் விழா அலுவலக மேசையில் கேட்டால் சொல்வார்கள். ஆவணப்பட விழாவில் உங்களுக்குக் கிடைக்கிற, வேறெங்கும் கிடைக்காத பொருள் படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு நடக்கிற அரை மணி நேரம். நிரலை இறுக்கிப் போட்டுக்கொண்டவர்கள் அந்த அரை மணி நேரத்தில்தான் அடுத்த அரங்கின் வரிசையில் போய் நிற்கிறார்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு உதாரணம். எங்கள் ஊர்த் திரையிடல் ஒன்றில் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய படம் ஒன்றைப் போட்டோம். இயக்குநர் படத்தில் வரும் அம்மா ஒருவரையும் அழைத்து வந்திருந்தார். படம் நன்றாக வந்திருந்தது. வெடித்த பாதங்கள், உப்புக் கரைசலில் ஊறி வெளுத்த விரல்கள் என்று கால்களை அத்தனை கவனமாகப் படம் பிடித்திருந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் இயக்குநரிடம் கேமராவைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யாரோ மைக்கை அந்த அம்மாவிடம் கொடுத்தார்கள். “எல்லாம் சரிதான் தம்பி. காலைக் காட்டுனீங்க, கண்ணைக் காட்டலியே. காலு ரெண்டு நாள் எண்ணெய் போட்டா ஆறிரும். அந்த வெள்ளைல வெயிலு பட்டு அடிக்கிற கூச்சத்துல கண்ணுல்ல போயிருது” என்றார். அரங்கம் அமைதியானது. இயக்குநர் நெளிந்தார், பிறகு “ஆமா, அதை எப்படி எடுக்கிறதுன்னு எனக்குத் தெரியல” என்றார். எனக்கு அந்தப் படமே அந்த இடத்தில்தான் முழுசாகத் தெரிந்தது. கால் கேமராவுக்குச் சுலபம், கண் கூசுவதைக் காட்டுவது கஷ்டம். இந்தப் பதில் எந்த லிங்க்கிலும் வராது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பானில் யமகாத்தா என்ற ஊரில் 1989 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆவணப்பட விழா நடக்கிறது. ஆசியாவில் ஆவணப்படம் எடுக்கிறவர்கள் மனசுக்குள் வைத்திருக்கும் விழா அது. நெல் விளையும் நாட்டுப்புறப் பகுதி. பெரிய நகரம் இல்லை. ஒகாவா ஷின்சுகே என்ற இயக்குநர் தன் குழுவோடு அந்த மாகாணத்தின் மாகினோ கிராமத்தில் பத்து வருடத்துக்கும் மேலாகக் குடியிருந்து, நெல் பயிரிட்டுக்கொண்டே படம் எடுத்தவர். விழா பிறந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். அந்த விழாவில் வெகுகாலமாகப் பேர்போன இடம் எது தெரியுமா? தியேட்டர் இல்லை, ஒரு பழைய ஊறுகாய்க் கடை. ராத்திரி காட்சிகள் முடிந்ததும் அங்கே இயக்குநர்களும் மாணவர்களும் உள்ளூர்க்காரர்களும் தரையில் கூடி உட்கார்ந்து, அன்று பார்த்த படங்களைப் பற்றி நடுராத்திரி வரை பேசுவார்கள். 2020இல் கடை மூடப்பட்டுவிட்டது. விழாவுக்குப் போய்வந்தவர்கள் படங்களின் பெயரை மறந்தாலும் அந்தக் கடையை மறப்பதில்லை.

சரி, யூடியூப் விஷயம். சில படங்கள் வரும், பல படங்கள் வராது. இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது எது, ஊகம் எது என்று பிரித்துச் சொல்கிறேன். 2023இல் ஆஸ்கர் வாங்கிய முதுமலை யானைப் படம் நெட்ஃப்ளிக்ஸுக்காகவே வந்தது. அந்த மாதிரிப் படத்துக்கு நீங்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ 2017இல் வந்தபோது பல இடங்களில் போலீஸ் திரையிட விடவில்லை. அவர் தூக்கி யூடியூபில் போட்டார், விழா அரங்குகளுக்குள் ஒருபோதும் வராத கூட்டம் அதைப் பார்த்தது. ஆக, இணையம் தாழ்ந்தது, அரங்கம் உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் விழாவில் ஓடுகிற பெரும்பாலான படங்களுக்கு நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. ஒரு காட்சியில் டீக்கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு ஓடும். பழைய செய்திப்படத் துண்டு ஒன்று நடுவில் வரும். விழாவில் காட்ட மட்டும் என்று குறைந்த தொகைக்கு உரிமை வாங்கியிருப்பார்கள். இணையத்தில் போட அதற்குத் தனிக் கணக்கு, அந்தப் பணம் தனியாகப் படம் எடுக்கிறவரிடம் இருக்காது. இதைவிட முக்கியமான காரணம் படத்தில் பேசுகிற மனிதர்கள். சொந்த ஊரின் பெரிய மனிதருக்கு எதிராக ஒருவர் வாய் திறந்து பேசியிருப்பார். தூரத்து ஊர் அரங்கில் இருநூறு பேர் அதைப் பார்ப்பது வேறு, பக்கத்துத் தெருக்காரர் போனில் பார்ப்பது வேறு. இந்தோனேசியப் படுகொலைகளைப் பற்றி ஜோஷுவா ஓப்பன்ஹைமர் 2012இல் எடுத்த படத்தின் கடைசி எழுத்துகளில் உள்ளூர்க் குழுவினர் பலரின் பெயருக்குப் பதிலாக ‘பெயர் வெளியிடப்படவில்லை’ என்று வரிசையாக வரும். கடைசி எழுத்து ஓடி முடியும்வரை எழுந்திருக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு அந்தப் படம் ஒரு காரணம்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. காலை முதல் காட்சிக்கு நீளமான படத்தை வையுங்கள். மண்டை தெளிவாக இருக்கிற நேரம் அது. ஆனந்த் பட்வர்தன் மும்பை ரமாபாய் நகரில் 1997இல் பத்து தலித்துகள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து தொடங்கி எடுத்த படத்துக்குப் பதினாலு வருடம் பிடித்தது. ஓடும் நேரம் சுமார் மூன்று மணி. சீனாவின் வாங் பிங் எடுத்த தொழிற்சாலைப் படம் ஒன்பது மணி நேரத்தைத் தொடும். 2003இல் யமகாத்தாவின் பெரிய பரிசு அதற்குத்தான். உங்கள் ஒரு நாளில் ஒன்பது மணி நேரப் படம் வேண்டாம், ஆனால் இரண்டரை மணி நேரப் படம் ஒன்று இருந்தால் பயந்து ஒதுக்காதீர்கள். இந்த மாதிரிப் படங்கள் முதல் நாற்பது நிமிடம் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். அதற்குப் பிறகு மூச்சு விடும் வேகமே மாறிவிடும். வீட்டில் பார்த்தால் அந்த நாற்பது நிமிடத்தைத் தாண்ட மாட்டோம், நடுவில் நிறுத்தி வாட்ஸ்அப் பார்ப்போம்.

சாப்பாட்டுக்குப் பிறகு குறும்படத் தொகுப்பு ஒன்று. ஒன்றரை மணி நேரத்தில் நாலைந்து படம் போடுவார்கள். அதில் ஒன்று பிடிக்காவிட்டால் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தூக்கம் வந்தால் தூங்குங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். மூத்த விமர்சகர்கள் குறட்டை விட்டு நான் பார்த்திருக்கிறேன். தொகுப்பின் வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். படங்களை யாரும் குலுக்கிப் போடுவதில்லை. மணல் அள்ளுவதைப் பற்றிய படத்துக்குப் பக்கத்தில் கட்டடத் தொழிலாளியைப் பற்றிய படத்தை வைக்கும்போது, தேர்ந்தெடுத்தவர் இரண்டையும் ஒன்றோடொன்று பேச வைக்கிறார். நாங்கள் ஒரு நாள் நிரலுக்காகச் சண்டை போடுகிற நேரத்தில் பாதி, ‘எதற்குப் பின்னால் எது’ என்பதற்கே போகும். சாயங்காலம் நீங்கள் கொஞ்சமும் ஆர்வம் காட்டாத விஷயத்தில் ஒரு படம் பாருங்கள். நான்காவது காட்சியை அங்கே காதில் விழுவதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வரிசையில் நிற்கிறவர்கள் ‘நேத்து அதைப் பார்த்தீங்களா’ என்று பேசிக்கொள்வதுதான் எந்த விமர்சனத்தையும்விட நம்பகமானது. ஒரு விஷயம்: கனமான இரண்டு படத்தை அடுத்தடுத்து வைக்காதீர்கள். வன்முறையைப் பற்றிய இரண்டாவது படத்தில் மனசு மரத்துப் போய், அதில் வருகிறவர்களுக்கு நாம் நியாயம் செய்வதில்லை.

ஆவணப்படம் என்றால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குமோ என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை. பல காலம் நம் தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால், மத்திய அரசின் படப்பிரிவான ஃபிலிம்ஸ் டிவிஷன் எடுத்த படத்தைக் கட்டாயமாக ஓட்டினார்கள். அணைக்கட்டு, வெள்ள நிவாரணம், ஒரு கம்பீரமான குரல். ஜனங்கள் அந்த நேரத்தில் வெளியே போய் முறுக்கு வாங்கி வருவார்கள். ஆவணப்படம் என்றால் கொட்டாவி என்று இரண்டு தலைமுறை நினைத்ததற்கு அந்தக் கட்டாயம் ஒரு பெரிய காரணம் என்பது என் ஊகம். ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குள்ளேயே அருமையான படங்கள் எடுத்தவர்களும் இருந்தார்கள், அவை வேறு கதை. தமிழருக்கு இந்தக் கலை புதுசும் இல்லை. ஏ.கே. செட்டியார் 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகிற கப்பலில் உட்கார்ந்து காந்தியைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். நாடு நாடாக அலைந்து சுமார் 50,000 அடி ஃபிலிம் சேர்த்து, 1940இல் தமிழில் வெளியிட்டார். வெள்ளைக்காரன் ஆட்சியில், கையில் காசில்லாமல். தனியாகப் படம் எடுப்பது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர் அதுதான்.

இனி சட்டம். நான் வக்கீல் இல்லை. விழா நடத்துகிறவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய அளவுக்குத் தெரியும். 1952 சினிமட்டோகிராஃப் சட்டப்படி பொதுவில் காட்டுகிற படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், ஆவணப்படத்துக்கும் சேர்த்துத்தான். இந்தி இயக்குநர் கே.ஏ. அப்பாஸ் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். சென்னையும் சேர்த்து நாலு நகரங்களின் பணக்கார முகத்தையும் ஏழை முகத்தையும் அருகருகே வைத்த ஒரு சின்னப் படத்துக்காக. 1970இல் தீர்ப்பு தணிக்கைக்குச் சாதகமாகவே வந்தது. ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒரு படத்துக்கோ ஒரு வகைப் படங்களுக்கோ விலக்குத் தர மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. விழாக்கள் அந்தப் பிரிவின் கீழ் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு வாங்கிக்கொள்கின்றன. விலக்கு, பதிவு செய்த பிரதிநிதிகளுக்கு (டெலிகேட்) காட்டுவதற்குத்தான். அதனால்தான் வாசலில் டிக்கெட் விற்காமல், பெயரைப் பதிந்து, கழுத்தில் அடையாள அட்டை மாட்டி உள்ளே விடுகிறார்கள். ஆக, விலக்கு பெற்ற படத்தைப் பிரதிநிதியாகப் பதிந்துகொண்டு பார்ப்பதில் உங்களுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை.

விலக்கு எப்போதும் கேட்டதும் கிடைத்துவிடுவதில்லை என்பதும் உண்மை. திருவனந்தபுரம் விழாவிலேயே 2017இல் ஹைதராபாத்தில் தற்கொலை செய்துகொண்ட தலித் மாணவர் ரோஹித் வெமுலா, டெல்லி ஜே.என்.யூ பல்கலைக்கழகம், காஷ்மீர் ஆகியவை தொடர்பான மூன்று படங்களுக்கு அமைச்சகம் விலக்கு மறுத்தது. 2019இல் பட்வர்தன் படம் ஒன்றுக்கும் அதே கதை. கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டு அனுமதித்த பிறகு திரையிட்டார்கள். அதற்கு முன்பே மும்பையில் இதைவிடப் பெரிய சண்டை நடந்திருக்கிறது. அங்கே அரசு நடத்தும் சர்வதேச விழாவில் 2004க்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழோடுதான் வர வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். படைப்பாளிகள் திரண்டு எதிர்த்ததும் விதி போனது. ஆனால் தேர்வுப் பட்டியல் வந்தபோது அரசியல் பேசும் படங்கள் பல விடுபட்டிருந்தன, 2002 குஜராத் கலவரம் பற்றிய ராகேஷ் ஷர்மாவின் படம் உட்பட. நிராகரிக்கப்பட்டவர்கள் அதே பிப்ரவரியில் பிரபாதேவியில் பூபேஷ் குப்தா பவன் ஹாலை எடுத்து ‘விகல்ப்’ என்ற பெயரில் தாங்களே ஒரு விழா நடத்திவிட்டார்கள். பிற்பாடு ஊர் ஊராக நடந்த எத்தனையோ சின்னத் திரையிடல்களுக்குத் தைரியம் கொடுத்தது அது.

இனி, போய்ச் சேரும் வழி. விழா நடக்கும் கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகள் தம்பானூரில், ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. நாகர்கோவிலில் காலை ரயில் பிடித்தால் முதல் காட்சிக்கு வந்துவிடலாம். பிரதிநிதிப் பதிவை முன்பே இணையத்தில் முடித்துக்கொள்ளுங்கள், அன்று காலையில் போய் நின்றால் முதல் காட்சி போய்விடும். ஏசி குளிரும், ஒரு துண்டோ சால்வையோ பையில் வையுங்கள். அசாமிய, மேகாலயாவின் காசி, மராத்தி என்று எல்லா மொழியும் வரும், அடியில் ஆங்கிலத்தில் சப்டைட்டில் ஓடும். முன்னால் இருப்பவர் தலை மறைக்காத இடமாகப் பார்த்து உட்காருங்கள். மதியம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் உள்ள இந்தியன் காஃபி ஹவுஸுக்குப் போங்கள். லாரி பேக்கர் கட்டிய உருளைக் கட்டடம், உள்ளே படிக்குப் பதில் சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவு, சுவரோரமாக மேசைகள். விழா நாட்களில் அந்தச் சரிவில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பீட்ரூட் மசாலாவைத் தள்ளிவைத்துவிட்டு தோசை சாப்பிடுகிறவர், நீங்கள் காலையில் பார்த்த படத்தை எடுத்தவராகவே இருக்கலாம். போய்ப் பேசுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வருடம் எடிட் அறையில் தனியாகக் கிடந்தவர்களுக்கு யாராவது படத்தைப் பற்றிப் பேசினால் போதும்.

கேள்வி நேரத்தில் என்ன கேட்பது என்று தயங்குவீர்கள். ‘எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்ல, ஒரு கருத்து மட்டும்’ என்று மைக்கை வாங்கிப் பத்து நிமிடம் பேசுகிறவர் எல்லா விழாவிலும் ஒருவர் உண்டு. அவர் மட்டும் ஆகாதீர்கள். எனக்குப் பலன் தந்த கேள்விகள் மிகச் சாதாரணமானவை. படத்தில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டார்களா, பார்த்து என்ன சொன்னார்கள்? எடுத்ததில் எதை வெட்டினீர்கள்? இந்தக் காட்சி தானாக நடந்ததா, மறுபடி செய்யச் சொன்னீர்களா? கடைசிக் கேள்வியைக் குற்றம் சாட்டும் தொனியில் கேட்காதீர்கள். ஆவணப்படத்தின் தொடக்க காலச் சாதனை என்று கொண்டாடப்படும் 1922ஆம் வருட ஃப்ளாஹெர்ட்டி படத்திலேயே, உள்ளே கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று பனிக்குடிலைப் பாதி திறந்த மாதிரி கட்டித்தான் எடுத்தார்கள். மறுபடி செய்யச் சொல்வது எப்போது சரி, எப்போது ஏமாற்று என்பதில் இந்தத் தொழிலில் இருக்கிறவர்களிடையே இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. நல்ல இயக்குநர் இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்வார், அதிலிருந்தே படத்தை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

திருவனந்தபுரம் விழாவை நடத்துவது கேரள அரசின் திரைப்பட அமைப்பான சலச்சித்திர அகாதமி. எனவே ஏற்பாடு, ஒலி, திரை எல்லாம் கச்சிதமாக இருக்கும். இந்த முறை லீவு ஒத்து வராவிட்டால் மதுரையை மனசில் வையுங்கள். ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி. ‘மறுபக்கம்’ என்ற அமைப்பின் சார்பில் 1998 முதல் அங்கே ஒரு சுயேச்சை விழா நடத்தி வருகிறார். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. பகட்டான அரங்கத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இந்த மாதிரிச் சின்ன விழாக்களில் திரை சின்னது, சில சமயம் ஒலி இரையும், சமதளத் தரையில் நாற்காலி போட்டிருந்தால் சப்டைட்டிலுக்காக நடைபாதை ஓரத்து இருக்கையைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் மைக்குக்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, இயக்குநர் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பார்.